சேவ் பண்ணாத பேச்சு

சேவ் பண்ணாமல் தொலைத்த எழுத்தைத் தேடிக் கொடுக்கும் தொழிலில் என் முதல் எதிரி மின்வெட்டு இல்லை. மெஷின் ஹேங் ஆனதும் நல்ல பிள்ளையாக அணைத்துவிட்டுக் கொண்டுவரும் வாடிக்கையாளர்தான். நீங்களும் ஒருநாள் தொலைத்திருப்பீர்கள், அதனால் சொல்லி வைக்கிறேன். கரண்ட் இருக்கும்வரை நீங்கள் டைப் பண்ணியது மெமரிக்குள் எங்கோ கிடக்கும். கும்மிடிப்பூண்டியில் இருக்கும் என் கடையில், மெமரியை அப்படியே ஒரு நகல் எடுத்து அதற்குள் தேடுவேன். தேட எனக்கு, நீங்கள் எழுதியதிலிருந்து ஒரு சொல் வேண்டும்.

ஆட்டோவில் வந்த நோயாளி

சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு சூப்பர்வைசர் போன் பண்ணினார். அணைக்காமல் கொண்டு வாருங்கள் என்றேன். மனிதர் சொன்னபடியே செய்தார். சிபியுவை மடியிலும் யுபிஎஸ்ஸைக் காலடியிலும் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். யுபிஎஸ் வழியெல்லாம் கீக் கீக் என்று கத்தியிருக்கிறது. நான் யுபிஎஸ் வயரை என் பிளக்கில் சொருகியதும் சத்தம் நின்றது. ஆட்டோக்காரர் சவாரிக்குப் போகாமல் வாசலிலேயே நின்றார். கவலையோடு எட்டிப் பார்த்து என்னைக் கேட்டார்: "இன்னா சார், பேஷண்ட் பொழச்சிக்குமா?"

எழுதியவருக்கே ஞாபகமில்லை

ஒரு கம்பெனி ஆபீசர், தொழிலாளர்களுக்கு ஆற்றப்போகும் பாதுகாப்பு உரையைத் தொலைத்துவிட்டு லேப்டாப்போடு வந்தார். வேறெங்கும் வராத ஒரு சொல் சொல்லுங்கள் என்றேன். "பாதுகாப்பு" என்றார். தேடினால் அது மெஷின் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. வேறு சொல்? நெற்றியைத் தேய்த்தார். பக்கம் பக்கமாக எழுதியவருக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு அது பெரிய ஆச்சரியம். கடைசியில், உரை முடிந்ததும் டீயும் மிக்சரும் உண்டு என்று எழுதியதாக ஞாபகம் வந்தது. மிக்சரைத் தேடினேன். மொத்த உரையும் அதன் மேலேயே இருந்தது.

கூட வந்திருந்த டிரைவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "கேக்குறவங்களுக்கும் அது ஒண்ணுதான் சார் ஞாபகம் இருக்கும்."

கவரைப்பேட்டை அம்மா

ஒரு மாலையில் கவரைப்பேட்டையிலிருந்து வசந்தா என்ற அம்மா, திறந்த லேப்டாப்பை ஆரத்தித் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு கடைக்குள் வந்தார். மூடினால் போய்விடுமோ என்ற பயம். கணவர் ஏழுமலை உருக்காலைத் தொழிலாளி. தொண்டையில் ஆபரேஷன் செய்ததில் குரல் போய்விட்டது. மகளுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் ஒற்றை விரலால் டைப் பண்ணிக் காட்டுவார். அதுதான் அவர் பேச்சு. பேச்சை யார் சேவ் பண்ணுவார்கள்?

மறுநாள் காலை கணவருக்கு இரண்டாவது ஆபரேஷன். கடைக்கு வந்த அன்று காலை அவர் நெடுநேரம் எதையோ டைப் பண்ணியிருக்கிறார். வசந்தா வந்து பார்ப்பதற்குள் மெஷின் ஹேங். வண்டியும் வந்துவிட்டது. லேப்டாப்பைக் கையால் காட்டிவிட்டு, தம்பியோடு சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். இந்த அம்மா மறுநாள் காலை ரயிலில் போவதாக ஏற்பாடு. அவர் என்ன சொன்னார் என்று தெரியாமல் எப்படி முகத்தைப் பார்ப்பது என்றார்.

சொல் கேட்டேன். "வசந்தா" என்றார். இல்லை. "ஆபரேஷன்" இல்லை. மகள் பெயரும் இல்லை. உங்களை எப்படிக் கூப்பிடுவார் என்றேன். கொஞ்சம் வெட்கப்பட்டு, "இந்தாமே" என்றார்.

அந்தச் சொல்லுக்குத் திரை நிறைந்துவிட்டது. லேப்டாப்பை அணைத்ததே இல்லை போலிருக்கிறது; பழைய பேச்செல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தது. இந்தாமே உப்பு இல்ல. இந்தாமே மோட்டார் போடு. இந்தாமே நீ துன்னியா. நான் திரையை நகர்த்த நகர்த்த அந்த அம்மா வாய்விட்டுப் படித்தார். கடைசியில் காலையில் எழுதியது வந்தது: "இந்தாமே, ஊசி போட்டா தூங்கிடுவனாம். தூங்கறப்போ நீ எதுர்ல இரு. தம்பி வாணாம். இன்னைக்கே வந்துடு."

அந்த அம்மா எழுந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். சென்னைக்கு அடுத்த வண்டி எப்போது என்று கேட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கொரலு இருந்தப்போ என்னாண்ட இவ்ளோ பேசுனதே இல்ல சார், இந்த மனுசன்."

வருகிறவர்களிடமெல்லாம் சேவ் பண்ணுங்கள், சேவ் பண்ணுங்கள் என்று இன்றும் சொல்லித்தான் அனுப்புகிறேன், ஒருவரும் கேட்பதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் உண்டு.