பிடி என்றால் விடு

இந்த ஊரில் ‘பிடி’ என்றால் விடு என்று அர்த்தம். கன்னடத்தில் முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள், அவ்வளவுதான். நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றே. மைசூருக்கு வந்த புதிதில் டவுன் பஸ்ஸில் என் கைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு அம்மாளின் முந்தானை சிக்கிக்கொண்டது. அவர் “பிடி, பிடி” என்றார். நான் விழுந்துவிடப் போகிறேன் என்ற அக்கறை போலும் என்று கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பஸ் குலுங்கியதில் அவர் தோளில் குத்தியிருந்த ஊக்கு சேலையைக் கிழித்துக்கொண்டு தெறித்தது. குளித்தலையில் இருக்கும் என் அக்காவிடம் போனில் இதைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தேன். அதே சொல் என் வீட்டுக்காரரின் உயிரில் வந்து கை வைக்கும் என்று யார் கண்டது.

அவர் மண்டி மொஹல்லாவில் குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கிறார். மூக்குக்கு மேல் கோபம். பின்மண்டை வலிக்கிறது என்று ஒருநாள் சுருண்டு படுத்தவரை அக்ரஹாரத்து டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்தம்மா இவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்தக்கொதிப்புப் பார்த்துவிட்டு முகம் மாறினார். இப்படியே போனால் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். மாத்திரையைத் தவறவிடக் கூடாது, காலையில் நடக்க வேண்டும், டீயைக் குறைத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். கடைசியில் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்: “உப்பு பிடி. உப்பினகாயி பிடி. சிட்டு பிடி.” உப்பை விடு, ஊறுகாயை விடு, கோபத்தை விடு. இவர் வாசலுக்கு வந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “கேட்டியா? உப்பு ஒரு பிடி, ஊறுகா ஒரு பிடின்னு டாக்டரே சொல்லிட்டாங்க.”

சிரிப்பாகச் சொன்னாலும் உப்பை விடுவது அவருக்குச் சாவதற்குச் சமம். எங்கள் பக்கம் ஒருவனைச் சீண்ட, சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா என்று கேட்டால் போதும், அரிவாள் வந்துவிடும். இவருடைய அண்ணனை வாய்க்கால் மடையில் ஒருவன் அப்படித்தான் கேட்டான். அண்ணன் மண்வெட்டியைத் திருப்பி அவன் தாடையில் அடித்ததையும், மடைத்தண்ணீர் சிவப்பாக ஓடியதையும் இவர் பெருமையாகத்தான் சொல்வார். இங்கேயோ இடித்தாலும் ஏமாற்றினாலும் “ஹோக்லி பிடி” என்று நகர்ந்துவிடுகிறார்கள், போகட்டும் விடு என்று. சாம்பாரில் வெல்லம் போட்டுத் தின்கிற ஊரில் ரோஷம் எங்கிருந்து வரும் என்பார் இவர்.

அதனால் எங்கள் வீட்டில் தினமும் போர். உப்புக் குறைத்த குழம்பைத் தட்டோடு சுவரில் எறிந்தார். ஒருமுறை தட்டின் விளிம்பு என் காதை உரசிக்கொண்டு போய்க் காலண்டரைக் கிழித்தது. நானும் சும்மா இருக்கிற பிறவி இல்லை. ஊரிலிருந்து வந்த மோர்மிளகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டினேன். ஆவக்காய் ஜாடியை வாசல் கல்லில் போட்டு உடைத்தேன். தெருவே எட்டிப் பார்த்தது. ரத்தம் சிந்தியதுபோல் எண்ணெய் ஓடியது. “என்னைத் தாலியறுக்க வைக்கப் பாக்குறீங்களா?” என்று கத்தினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். கடையில் ஊறுகாய்ப் பொட்டலம் ஒளித்து வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். தண்ணீரும் குடிப்பதில்லை, பக்கத்தில் கழிப்பறை இல்லாத கடையில் எவன் தண்ணீர் குடிப்பான் என்று கேட்டார்.

அன்றைக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். எதிர்க்கடை ஆள் ஒருவன் வழக்கம்போல் இவர் கடைவாசலை மறித்து பைக்கை நிறுத்திவிட்டு, இவர் கேட்டதற்கு “ஹோக்லி பிடி, அங்கிள்” என்று சிரித்துக்கொண்டிருந்தான். இவருக்குக் கன்னடம் நன்றாகவே வரும். ஆனால் கோபம் ஏறினால் கன்னடம் இறங்கிப் போய்விடும், குளித்தலை மட்டும்தான் மிஞ்சும். “பிடிடாங்கிறியா?” என்று பாய்ந்து அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்தார். ஷட்டரோடு சேர்த்து அவன் தலையை மோதினார். சந்து முழுக்கக் கூடிவிட்டது. எல்லோரும் மரியாதையாகத்தான் கத்தினார்கள்: “பிடி சார்! பிடி, பிடி!” அவர்கள் கத்தக் கத்த இவர் பிடி இறுகியது. அவன் முகம் கத்தரிக்காய் நிறமானது, நாக்கு வெளியே வந்தது. நான் “விடுங்க, விடுங்க” என்று அலறியது அத்தனை பிடிக்கும் நடுவில் கரைந்துபோனது. அவன் கைக்கு அகப்பட்ட இரும்புக் குழாய்த் துண்டால் இவர் புருவத்தில் அடித்தான். ரத்தம் கண்ணை மறைத்தது. அப்போதும் விடவில்லை. பிறகு யாரும் தொடாமலேயே இவர் வாய் ஒரு பக்கம் கோணி, கால் மடங்கி, அவனையும் இழுத்துக்கொண்டு விழுந்தார்.

விழுந்த பிறகும் வலது கை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தார்கள். கழுத்தில் நகம் பதிந்த அந்த ஆள்தான் இருமிக்கொண்டே இவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டான். நான் அவனிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். “ஹோக்லி பிடி அக்கா, மொதலு ஆஸ்பத்ரெ,” என்றான். எனக்கு அவன் மேல் கொலைவெறியும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: புருவத்தில் பட்ட அடி மேலோடுதான். உள்ளே குழாய் வெடித்தது கொதிப்பினால். பிழைத்தார். பேச்சு குழறலாக மீண்டது. வலது கை மட்டும் மூடியபடியே நின்றுவிட்டது, இன்னும் அந்தக் கழுத்தைப் பிடித்திருப்பதுபோல. “எல்லாரும் பிடின்னாங்க, பிடிச்சேன்,” என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

இப்போது வீட்டுக் குழம்பில் உப்பு பேருக்குத்தான். எலுமிச்சையும் மிளகும் ஒப்பேற்றுகின்றன. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார். எறியக் கை இல்லாததாலா, ரோஷம் போய்விட்டதாலா என்று நான் கேட்பதில்லை. காலையில் காவ்யா என்ற பெண் பயிற்சி கொடுக்க வருகிறாள். அவர் முஷ்டியைத் தன் கையில் வைத்து நீவியபடி “பிடி அங்கிள், பிடி” என்பாள். முதலில் முறைத்தார். பல மாதம் அந்தச் சொல்லிலேயே அவர் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கக் கற்றன.

போன வாரம் தண்ணீர் குடிக்கும் நேரம். அணையிலிருந்து எங்கள் குழாய்க்கு வருவதும் காவிரிதான், குளித்தலைக்குப் போவதும் காவிரிதான். டம்ளரை அந்த வலது கையிலேயே வைத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. விரல்களை டம்ளரைச் சுற்றி மடக்கிவிட்டு நம் தமிழில்தான் சொன்னேன்: “கெட்டியா பிடிங்க.”

கை பட்டென்று விரிந்தது. டம்ளர் தண்ணீர் தெறிக்க விழுந்து, உருண்டு, கட்டில் காலில் முட்டி நின்றது. இருவரும் அந்த விரிந்த உள்ளங்கையையே பார்த்தோம். அவர் பாதி வாயால் சிரித்தார்.

“நீ எந்தப் பிடிய சொன்னே?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. துணியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.