சாம்பல் கட்டங்கள்

அச்சுப்பொறி துப்பும் ஒவ்வொரு தாளையும் சூடு ஆறுவதற்குள் எடுத்து, ஓவிய வகுப்பின் நீள மேசைமேல் ஒன்றோடொன்று விளிம்பு ஒட்டப் பரப்பிக்கொண்டே போவார் ஆசிரியை மெரில் ட்ரெலோர். பக்கவாட்டில் பிள்ளைகளின் பெயர், மேலே கேள்வி எண். சரியான விடைக்குப் பச்சைக் கட்டம், தவறுக்குச் சிவப்பு, தொடாமல் விட்டதற்குச் சாம்பல். நாடு முழுக்க இணையத்தில் நடக்கும் தேர்வு. அறிக்கையும் இணையத்திலேயே வருகிறது. திரையிலேயே பார்த்து முடிக்கலாம்தான். மாட்டார். "திரையில ஒரு நேரத்துக்கு நாலு பிள்ளைதான் தெரியுது. எனக்கு வகுப்பு முழுசும் முன்னால உட்காரணும்" என்பார்.

தலைமையாசிரியர் பிரெண்டன் க்ரீகர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்து ஏதாவது சொல்லுவான். "ஒரு யூகலிப்டஸ் மரத்தையே அச்சடிச்சுட்டீங்க போல."

"மரம் திரும்ப வளரும். அஞ்சாம் வகுப்பு திரும்ப வருமா?"

டார்லோ விரிகுடா என்ற சின்னக் கடலோர ஊரில் சிப்பிப் பண்ணைகள், ஒரு கோதுமைக் கிடங்கு, ஒரு மதுக்கடை, இந்தப் பள்ளி. மெரில் இங்கே வந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. வயது ஐம்பத்தொன்பது. கணவர் டெஸ் கிடங்கில் லாரி எடை போடுகிறார். மெரிலின் மேல்சட்டை மீன்பிடிக்கிறவர்கள் போடும் கையில்லாத சட்டை. அதன் எட்டுப் பைகளிலும் வண்ணப் பென்சில். மேசைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். ஆப்பிளைக் காம்பு மட்டும் மிச்சம் வைத்து விதையோடு தின்பார்.

ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வருகிற ஆசிரியர்களைத் திகைக்க வைக்கும். ஒரு பிள்ளை தவறாகப் போட்ட விடையைக் கண்டதும், அந்தப் பிள்ளையின் சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொள்வார். கேள்வியை அந்தப் பிள்ளையின் குரலிலேயே வாசிப்பார். அதன் முணுமுணுப்பு, அதன் இழுவை எல்லாம் வரும். "ம்ம்... இது நீளமா இருக்கு, அப்ப இதுதான் பெருசு" என்று அந்தக் குரலிலேயே முடிவு கட்டுவார். பிறகு எழுந்து தன் குரலில், "கெடைச்சிருச்சு" என்று சொல்லிவிட்டுக் குறித்துக்கொள்வார்.

போன ஆண்டு, இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் நான்காம் வகுப்பில் எழுதிய பயிற்சித் தேர்வில் அப்படிக் கிடைத்தது ஒன்று. நான்கு தசம எண்களில் பெரியது எது என்ற கேள்விக்கு வகுப்பில் ஒன்பது பேர் ஒரே தவறான விடையைப் போட்டிருந்தார்கள். ஒன்பது சிவப்புக் கட்டம், ஒன்றின் கீழ் ஒன்றாக. 'எண்ணியலில் பின்தங்கல்' என்று அறிக்கையின் அடியில் ஒரு வரி. மெரில் அந்த வரியைப் படிக்கவே இல்லை. சின்ன நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் காலை பிள்ளைகளைப் படகுத்துறைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். துறையில் இரண்டு மீனை வாங்கிப் பலகையில் வைத்து அளக்கச் சொன்னார். ஒன்று 0.32 மீட்டர், இன்னொன்று 0.4 மீட்டர்.

"எது பெருசு? மீனைப் பார்க்காம சொல்லுங்க."

சிப்பிப் பண்ணைக்காரர் மகள் இண்டி வோல்ஷ் கையைத் தூக்கினாள். "முப்பத்திரண்டுதான் மிஸ். நாலைவிட முப்பத்திரண்டு பெருசுதானே."

"இப்ப மீனைப் பாரு."

இண்டி பார்த்தாள். அளவுகோலை மறுபடி வைத்தாள். "அப்ப அந்த நாலு, நாற்பதா?"

"நாற்பது."

"அதை முதல்லயே எழுதித் தொலைச்சிருக்கலாமே மிஸ்."

அந்த வகுப்பில் அதற்கப்புறம் ஒருவரும் அந்தத் தவறைச் செய்யவில்லை. அதுதான் மெரிலின் வித்தை. "சிவப்பைப் பார்த்துப் பயப்படாதீங்க" என்று எல்லாரிடமும் சொல்வார். "சிவப்புன்னா பிள்ளை யோசிச்சிருக்கு, கோணலா யோசிச்சிருக்கு. கோணலை நிமிர்த்திடலாம். சாம்பலுக்குத்தான் பயப்படணும். அங்க பிள்ளையே இல்ல."

தேர்வு இணையத்துக்கு மாறிய காலத்தில் கரையோரப் பள்ளிகளில் ஆசிரியர்கள் இந்த அறிக்கைகளைக் கண்டாலே எரிச்சல்பட்டார்கள். மின்னஞ்சலைத் திறக்காமலேயே அழித்தார்கள். மெரில் தன் சொந்த வண்டியில் பதினொரு பள்ளிகளுக்குப் போனார். அறிக்கையை வைத்து அடுத்த வாரப் பாடத்தை எப்படித் திட்டமிடுவது என்று காட்டினார். வழியெல்லாம் சிவப்புத் தூசி, உணவு இடைவேளையில் யார் வீட்டிலோ சுட்ட லாமிங்டன் கேக். எல்லா இடத்திலும் முடிக்கும்போது ஒரே வாக்கியம்: "அறிக்கை சொல்றதைக் கேளுங்க, ஆனா மதிப்பெண்கிட்ட கேட்காதீங்க, கேள்விகிட்ட கேளுங்க."

இந்த ஆண்டு மார்ச்சில் ஐந்தாம் வகுப்புக்கு வாசிப்புத் தேர்வு. பதினான்கு பேர். இருபத்தேழாம் கேள்வியில் பள்ளியின் கம்பியில்லா இணையம் அறுந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அலுவலக அறையில் கம்பி இணைப்பில் உட்கார்ந்திருந்த இருவர் மட்டும் எழுதி முடித்தார்கள். மற்ற பன்னிரண்டு பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு வட்டத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். நேரம் முடிந்தது. இப்படி நடந்தால் ஏழு நாளுக்குள் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அனுப்பினால் மறுதேர்வு உண்டு. மெரில் அன்று மதியமே படிவத்தை நிரப்பி, பன்னிரண்டு பெயரையும் எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்துக்காக பிரெண்டனின் மேசையில் வைத்தார்.

மறுதேர்வு வரவில்லை. இரண்டு முறை கேட்டார். "வரும் வரும், அவங்க மெதுவாத்தான் செய்வாங்க" என்றான் பிரெண்டன்.

ஆகஸ்டில் அறிக்கைதான் வந்தது. வழக்கம்போல் தாள்களைப் பரப்பிக்கொண்டே போனவர் ஏழாவது தாளில் நின்றார். இருபத்தேழிலிருந்து பன்னிரண்டு பெயருக்கும் நேராகச் சாம்பல். தாள் தாளாகச் சாம்பல். உட்கார்ந்து பார்க்க ஒரு நாற்காலியும் இல்லை. எந்தப் பிள்ளையின் குரலில் வாசிப்பது?

பிரெண்டனின் அறைக்குப் போனார். அவனுக்கு முப்பத்திரண்டு வயது, தலைமையாசிரியராக இதுதான் முதல் பள்ளி. மார்ச்சில் அவனுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்து தலைநகர் ஆஸ்பத்திரியில் இருந்தது. மெரில் கேட்டதும் கணினியில் தேடினான். தேடத் தேட அவன் கழுத்து சிவந்தது. கையெழுத்துப் போட்ட படிவம் மின்னஞ்சலோடு இணைத்தபடியே இருந்தது. அனுப்பும் பொத்தானை அவன் அழுத்தவே இல்லை.

"அனுப்பிட்டேன்னுதான் நெனச்சேன், மெரில். சத்தியமா அனுப்பிட்டேன்னு நெனச்சேன்."

மெரில் கதவில் சாய்ந்து நின்றார். "பன்னெண்டு பிள்ளைங்க, பிரெண்டன்."

அதற்கு மேல் அவனிடம் அதைப் பற்றி அவர் பேசவில்லை. அவர் பேசினால் நன்றாயிருக்கும் என்று அவனே விரும்பினான். திட்டினாலாவது ஆறும். மறுநாள் தேநீர் அறையில் குழந்தையின் எடை எவ்வளவு என்று கேட்டார், அவ்வளவுதான்.

தேர்வு அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். முதலாவதுக்குப் பதில்: படிவம் காலக்கெடுவுக்குள் வரவில்லை. இரண்டாவதுக்கு: வெளியிட்ட மதிப்பெண்ணை மாற்ற வழியில்லை. மூன்றாவதுக்கு: அடுத்த தேர்வில் முன்னேற்றம் தெரிந்தால் நிலைமை மறுபடி பார்க்கப்படும். இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த தேர்வு ஏழாம் வகுப்பில். அதற்குள் மெரில் ஓய்வுபெற்றிருப்பார்.

இதற்கிடையே வீட்டுக்கும் அறிக்கை போயிற்று. ஆளுக்கொரு தாள்; நாட்டின் பெரும்பாலான பிள்ளைகள் நிற்கும் பட்டை ஒன்று, அதில் உன் பிள்ளை எங்கே என்று ஒரு புள்ளி. இண்டியின் புள்ளி பட்டைக்கு வெளியே, கீழே கிடந்தது. அவள் தாய் கார்லி அதை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். இண்டியும் பின்னால் வந்து நின்றாள். அலை அட்டவணையை அப்பாவுக்கு வாசித்துச் சொல்லும் பெண் அவள். அவள் சொல்லும் நேரத்தை நம்பித்தான் படகு கிளம்பும்.

"இவ நல்லா வாசிக்கிறான்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள் கார்லி. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மெரில் இருவரையும் ஓவிய வகுப்புக்குக் கூட்டிப்போனார். சாம்பல் தொடங்கும் இடத்தைக் காட்டினார். அதற்கு முன்னாலிருந்த இருபத்தாறு கட்டங்களைக் காட்டினார். இருபத்திரண்டு பச்சை. "இது வரைக்கும்தான் நீ எழுதினது இண்டி. இதுக்கப்புறம் நீ எழுதல. இணையம் போயிருச்சு."

இண்டி குனிந்து பார்த்தாள். "ஆனா பேரு என்னோடதுதானே மிஸ்."

மெரிலுக்கு முப்பத்தொரு வருடத்தில் பதில் வராத கேள்விகள் இருந்திருக்கின்றன. அப்போதெல்லாம், "நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்பார். இன்று அதைக்கூடச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு இண்டி வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் தோளைக் குலுக்குவாள்.

செப்டம்பரில் வட்டாரக் கல்வி ஆலோசகர் ஜொஹானா வெய்ட்ஸ் காணொளியில் வந்தாள். மதிப்பெண் இந்த அளவுக்கு விழுந்த பள்ளிகளுக்கு ஒரு திட்டம் உண்டு என்றாள். தினமும் காலை இரண்டு மணி நேரம், எழுதிக் கொடுத்த பாடம். ஆசிரியர் சொல்ல வேண்டிய வாக்கியம், பிள்ளைகள் சேர்ந்து சொல்ல வேண்டிய பதில், நடுவில் எத்தனை நொடி நிறுத்த வேண்டும் என்பது வரை எல்லாம் அதில் அச்சாகி இருக்கும். மற்ற வாசிப்பு வேலைகள், வெளியே கூட்டிப்போவது எல்லாம் திட்டம் முடியும்வரை நிற்கும்.

மெரில் தாள்களை ஒவ்வொன்றாகக் கேமரா முன்னால் பிடித்துக் காட்டினார். "இது சிவப்பு இல்ல ஜொஹானா. சாம்பல். இவங்களுக்கு வாசிக்கத் தெரியும். திரைதான் நின்னு போச்சு."

"புரியுது மெரில். ஆனா எங்களுக்கு வர்ற தொகுப்புல சாம்பலும் சிவப்பும் ஒண்ணுதான். விடை இல்லைன்னா தப்பு."

"நீ கேள்வியைப் பாரு. ஒவ்வொண்ணா பாரு."

"இருநூத்திப் பத்து பள்ளி இருக்கு. எப்படிப் பார்க்கறது?" ஜொஹானா சற்று நிறுத்தினாள். குரல் இறங்கியது. "உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நான் அப்ப ரெண்டாம் வருஷ டீச்சர். நீங்க எங்க பள்ளிக்கு வந்தீங்க. அறிக்கை சொல்றதைக் கேளுங்கன்னு சொன்னீங்க. அதுலருந்துதான் நான் இந்த அறிக்கை வேலைக்கே வந்தேன்."

பாராட்டாகத்தான் சொன்னாள். மெரில் கையிலிருந்த தாளை இறக்கினார். மறுபாதி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கலாம்.

அன்று வீட்டில் டெஸ், "விட்டுத் தள்ளு, இப்பவே எழுதிக் கொடுத்துட்டு வந்துரு" என்றார்.

"நான் போனா தற்காலிகமா யாரையாவது அனுப்புவாங்க. அவங்களுக்குப் பிள்ளைங்க பேரே தெரிஞ்சிருக்காது."

"நீ இருந்து மட்டும் என்ன செய்யப் போற?"

மெரில் ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தார். பாதியிலேயே வைத்துவிட்டார்.

நான்காம் பருவம் தொடங்கிய திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பாடம் ஆரம்பித்தது. சுருள்கம்பி போட்ட தடித்த புத்தகம் மேசைமேல் விரிந்திருந்தது. வகுப்பின் பின்னால் ஜொஹானா ஒரு பலகைக் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். வாக்கியம் வாக்கியமாகக் குறிக்க வேண்டியது அவள் வேலை. பத்து வாக்கியம் விட்டுப்போனால் திட்டம் இன்னும் இரண்டு பருவத்துக்கு நீளும் என்று வரும்போதே மெரிலிடம் சொல்லியிருந்தாள். "எனக்கும் இது பிடிச்சுச் செய்யற வேலை இல்ல" என்றும் சொல்லியிருந்தாள்.

பாடம் ஒரு நகரத்து ரயில் நிலையத்தைப் பற்றியது. மெரில் விரலை வரியில் வைத்து வாசித்தார். "எல்லாரும் பாருங்க. இந்தச் சொல் நடைமேடை. என்ன சொல்?"

"நடைமேடை."

"நன்று. மறுபடி. என்ன சொல்?"

"நடைமேடை."

குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. யாருடைய குரலும் இல்லை. நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினார், இரண்டு நொடி. பதினான்கு பிள்ளைகளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட ரயிலைக் கண்டதில்லை.

நான்காம் பக்கத்தில் ஓரக்கண்ணில் ஓர் அசைவு தெரிந்தது. ஜன்னலோரத்தில் இண்டி கையைத் தூக்கியிருந்தாள். இத்தனை வாரத்துக்குப் பிறகு. முழுக்கவும் தூக்கவில்லை, முழங்கை மேசையிலேயே ஊன்றியிருக்க, விரல்கள் மட்டும் காதுக்கு மேலே எட்டிப் பார்த்தன. ஏதோ கேட்கப் போகிறாள். உதடு ஏற்கனவே பிரிந்திருந்தது.

பின்னால் ஜொஹானா தலையை நிமிர்த்தினாள்.

மெரில் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலக்கை விரல் இருந்த வரியிலேயே இருந்தது. இடக்கையை இண்டியின் பக்கம் தூக்கி, உள்ளங்கை தரையைப் பார்க்க, காற்றில் மெல்லக் கீழே இறக்கினார்.