மீட் ஏறாத வீடு

எங்களை அதுவரை யாரும் விவசாயிகள் என்று கூப்பிட்டதில்லை. தேயிலை தோட்டத்துத் தொரையுடையது, நாங்கள் குடியிருக்கிற லயம் தொரையுடையது, லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற கானுக்கும் தேயிலைக்கும் நடுவில் மாடு கட்டுகிற அந்த ஒரு முழ இடமும் சட்டம் பேசினால் தொரையுடையதுதான். மாடு மட்டும் எங்களுடையது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, றக்வானைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், கால்நடை ஆபீஸ் மாத்தயா எழுந்து நின்று "விவசாயிகளே" என்று தொடங்கியபோது, பால் சங்கத்து ஆம்பிளைகள் எல்லோரும் பின்னால் யாரோ வந்துவிட்டார்களென்று திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது நான் மூன்று மாதம். கல்யாணமாகி நாலு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்தெடுக்கப் போகும் பொம்பளைகளின் கைப்பிள்ளைகளைப் பகலெல்லாம் வைத்திருந்து, எனக்கு எப்போது என்று மற்றவர்கள் கேட்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. அதனால் வாந்தி எடுப்பதைக்கூடப் பெருமையாக எடுத்தேன். சோறு ஆகாது, பருப்பு ஆகாது, கருவாட்டு வாசம் நாலு வீடு தள்ளி வந்தாலே வெளியே ஓடவேண்டும்.

மாத்தயா பேசியது காளைக்கன்றுகளைப் பற்றி. பசு போடும் கன்றில் பாதி காளை. பால் கறக்கிற வீட்டில் அதற்கு என்ன வேலை? "சும்மா கட்டி வைக்க வேணாம். நல்லா தீனி போடுங்க, வளர்த்து இறைச்சிக்கு விடுங்க. அதுவும் ஒரு தொழில்தானே" என்றார் பாதிச் சிங்களத்தில். பள்ளிக்கூடம் கொந்தளித்துவிட்டது. மாடு நமக்குத் தெய்வம், மாட்டுப்பொங்கலுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறோம், கத்திக்கு விடச் சொல்கிறாயா என்று ஆளுக்கு ஆள் சத்தம். அதிகமாகச் சத்தம் போட்டவர் என் வீட்டுக்காரர்.

கடைசி பெஞ்சில் டவுனில் இருந்து வந்த மாட்டு வியாபாரி, முஸ்லிம் நானா, உட்கார்ந்திருந்தார். அமைதியான மனிதர். சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்: "நான் ஒருக்காவும் கூப்பிடாம இந்தத் தோட்டத்துக்கு வந்ததில்ல. கூப்பிடுறது நீங்கதான். லயத்துக்குள்ள வராதீங்க நானா, பாலத்துகிட்ட நில்லுங்கன்னு சொல்றதும் நீங்கதான். வளர்ப்புக்குத்தானேன்னு மூணு தரம் கேப்பீங்க. நானும் மூணு தரம் ஆமான்னுவேன். என்னைப் பொய் சொல்ல வைக்கிறது யாரு?" சத்தம் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பாலத்துக்கிட்ட நின்றவர்கள் என்பது எனக்கே தெரியும். என் வீட்டுக்காரர் மட்டும் நின்றதில்லை. அவர் கட்டிய பசு அதுவரை கிடாரியாகத்தான் போட்டிருந்தது.

அப்புறம் ஏதோ உதவித் திட்டத்திலிருந்து வந்த மிஸ் எழுந்தார். கொழும்புப் பிள்ளை. இறைச்சியே வேண்டாம், சோயா போடுங்கள் என்றார். ஒரு கிலோ இறைச்சிக்கு மாடு எவ்வளவு தின்கிறது, அந்த நிலத்தில் சோயா போட்டால் எத்தனை பேருக்குப் புரதம் கிடைக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். மூன்றாம் லயத்துக் கங்காணி ஒருவர் கையைத் தூக்கினார்.

"மாடு திங்கிறது கான் ஓரத்துப் புல்லு மிஸ். அதை நாம திங்க ஏலுமா?"

"இல்லைங்க, அந்த இடத்துல சோயா போடலாம்னு சொல்றேன்."

"எந்த எடத்துல? போட்டா பிடுங்கிப் போட்டுட்டு வேலைய நிப்பாட்டிருவாரு தொரை."

மிஸ் பாவம், அதற்குப் படம் வைத்திருக்கவில்லை. வாதத்தில் தோற்றாலும் சமைத்தே காட்டிவிடுவது என்று, பள்ளிக்கூடத்து அடுப்பில் மிளகு போட்டுத் தேங்காய்ப்பால் விட்டு ஒரு சோயாக் கறி வைத்தார். ஒரு துண்டு எனக்கும் தந்தார்கள். வாயில் போட்டேன். குமட்டவில்லை. இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றேன். மூன்று மாதத்தில் முதன்முதலாக ஒரு சாப்பாடு என் வயிற்றுக்குள் தங்கியது. அதைச் சொல்ல வீட்டுக்காரரைத் தேடினேன். அவர் கையில் அந்தச் சோயா வந்த காலிப் பக்கெட் உறையை வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்.

அவர் அஞ்சாம் வகுப்பு. ஆனால் சின்ன வயதில் தொரை பங்களாவில் குசினியில் சமையல் எடுபிடி வேலை செய்தவர். அங்கே 'மீட்' என்றால் மாட்டிறைச்சி. மீன் மீனாம், கோழி கோழியாம், மீட் என்றால் அது ஒன்றுதானாம். பக்கெட்டில் சோயா மீட் என்று போட்டிருந்தது.

"இந்தச் சோயாங்கிறது என்னா மிஸ், வெளிநாட்டு மாடா?"

பள்ளிக்கூடமே சிரித்தது. மாத்தயா சிரித்தார், நானா சிரித்தார், என் வீட்டுக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தம்பிமாரே பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார்.

நேராக பேக்டரிக்குக் கீழே இருக்கிற முனியாண்டி கல்லுக்குப் போயிருக்கிறார். சூடம் ஏற்றி, மீட் என்று பேர் உள்ள எதுவும் என் வீட்டுப் படி ஏறாது, என் மாட்டுக்குப் பிறந்த எதுவும் கத்திக்குப் போகாது என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்திருக்கிறார். கொப்புளித்த கையோடு வீட்டுக்கு வந்தார். சூடம் அடித்துச் செய்த சத்தியத்துக்கு எங்கள் பக்கம் அப்பீல் கிடையாது.

"அது பயறுங்க. கடலை மாதிரி ஒரு பயறு. மாவாக்கிப் பிசைஞ்சு காய வைக்கிறாங்க" என்று அன்றைக்கே சொன்னேன்.

"தெரியும்."

"தெரிஞ்சா பெறகு என்ன?"

"பேரைச் சொல்லி அடிச்சிட்டேன் புள்ள. முனிகிட்ட போய் எனக்கு இங்கிலீசு தெரியாம போச்சுன்னு சொல்லச் சொல்றியா?"

அவருடைய ரோசமும் பயமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. என் பக்கமும் ரோசத்துக்குக் குறைவில்லை. அடுத்த காம்பராவில் குடியிருக்கிற அக்கா அந்தக் கறியை ஆக்கி, "இங்கன உக்காந்து தின்னுட்டுப் போ, உன் படிதானே ஏறக்கூடாது" என்று கூப்பிட்டது. நான் போகவில்லை. வாங்குவதானால் அவர் கையால் வாங்கி வரட்டும், மன்னிச்சிக்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று கிடந்தேன். ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் தின்று, அதையும் பாதி வாந்தியெடுத்து ஐந்தாம் மாதத்துக்குப் போனேன். எங்கள் பசு அந்த மாதம் காளைக்கன்று போட்டது. தோட்டமே கைதட்டிச் சிரித்தது.

கிளினிக்கில் ரத்தம் போதாது என்றார்கள். இறைச்சி சாப்பிடு, இல்லாவிட்டால் சோயா மீட் சாப்பிடு என்று மருத்துவிச்சி நோனா என் வீட்டுக்காரர் முன்னாலேயே சொன்னது. கிளினிக்கில் கொடுத்த சத்துமாவை மட்டும் அவர் தினமும் சீனி போட்டுச் சுடுதண்ணீர் விட்டு, உருண்டை உருண்டையாகப் பிடித்து ஊட்ட வருவார். அந்தச் சத்துமாவில் பாதி சோயா. பையிலேயே எழுதியிருந்தது. மீட் என்று யாரும் பேர் வைக்காததால் அது படியேறி வந்துவிட்டது. அதைச் சொல்லிக் காட்டி உருண்டையைத் தட்டிவிட்டேன். அவர் கீழே விழுந்ததைப் பொறுக்கி, மேல் தூசைத் தட்டி, தானே தின்றார்.

ஏழு மாதம் முடிந்து பத்து நாளில் வலி வந்தது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை. கையளவு இருந்தான். மூன்று நாள் மூச்சு விட்டான். டாக்டர் என்னிடம் வந்து சிங்களத்தில் நிறையச் சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அன்றைக்கு எந்தப் பாஷையும் காதில் ஏறவில்லை. இங்கிலீசில் எழுதிய துண்டுக் காகிதம் ஒன்று தந்தார்கள், மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். வெளியே மரத்தடியில் என் வீட்டுக்காரர் நின்றார். கிட்டே வந்து என் கையைப் பிடித்தார்.

"எம் புள்ளைய நீங்கதான் கொன்னீங்க" என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஜனமெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அவர் கையை விட்டுவிட்டார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை பிடித்துத் தீர்த்திருப்போம்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் காளையை வளர்த்த விதத்தைத் தோட்டமே பார்த்தது. பால் கொடுக்காது, வண்டி இழுக்காது, விற்கவும் முடியாது. தேயிலைக்குள் மாடு மேய்க்கத் தடை வந்த பிறகு, மலைக்கு அந்தப் பக்கம் போய் அட்டைக்கடியோடு புல்லுக்கட்டுச் சுமந்து வருவார். "மாப்பிள்ளை மாட்டுக்குச் சீர் போகுது" என்று கேலி செய்வார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். பால் சங்கத்தில் மறுபடி இரண்டு மூன்று தடவை அதே வாதம் நடந்தது. இறைச்சிக்கு விடுவதா, மாட்டை விட்டுவிட்டுப் பயறு போடுவதா என்று மற்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். அவர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வருவார். அவரிடம் அபிப்பிராயம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி தங்கியது. முதல் பிள்ளையின் காகிதத்தைக் கொண்டு வரச் சொன்னார் கிளினிக்கில் புதிதாக வந்திருந்த தமிழ் டாக்டரம்மா. கொடுத்தேன். வாசித்துவிட்டு, "பிள்ளைக்கு இதயம் சரியா உருவாகலன்னு எழுதியிருக்கு. உங்களுக்கு அப்ப சொல்லலையா?" என்றார்.

"நான் சத்தா சாப்பிடலைங்க, அதனால..."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. நீங்க என்ன சாப்பிட்டிருந்தாலும் அந்தப் பிள்ளை தங்கியிருக்காது."

பஸ்ஸில் வரும்போது முழு வழியும் அழுதேன். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவதென்றுதான் வந்தேன். அவர் மாட்டுப்பட்டியில் சாணி வழித்துக்கொண்டிருந்தார். "என்னா சொன்னாங்க?" என்று கேட்டார். நல்லா இருக்காம் என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. அதைச் சொன்னால், மரத்தடியில் நான் சொன்னதைத் திரும்ப எடுக்க வேண்டும். ஊர் கேட்கச் சொன்னதை அவர் காலில் விழுந்து எடுக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். இன்னொரு காரணமும் உண்டு, எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்தப் பாரத்தோடு இருக்கிறவரை அவர் என்னிடம் குரல் உயர்த்தவே மாட்டார். அது எனக்கு வசதியாக இருந்தது. மகள் பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். நாளைக்கு நாளைக்கென்று எட்டு வருடம் போயிற்று.

அவருக்கு எலிக்காய்ச்சல் வந்தது அதன் பிறகு. புல்லறுக்கப் போன வயல்காட்டில் கால் புண்ணோடு தண்ணீரில் நின்றிருக்கிறார். சாதாரணக் காய்ச்சல் என்று நாலு நாள் பனடோல் போட்டுக்கொண்டு திரிந்துவிட்டார். இரத்தினபுரிக்குக் கொண்டு போனபோது கண்ணெல்லாம் மஞ்சள். மத்தியானம் பார்க்க விடுகிற நேரத்தில் கஞ்சி கொண்டு போனேன். குடிக்கவில்லை. வார்டு முழுக்க ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் குரல் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

"அந்தப் புள்ளை விசயத்துல... நீ என்ன மன்னிச்சிட்டியா?"

பத்து வருடத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான். சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. உங்க மேல தப்பு இல்லைங்க. இவ்வளவு நாள் தெரிந்துமா சொல்லாமல் இருந்தாய் என்று அந்த மஞ்சள் கண்ணால் என்னைப் பார்த்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"மன்னிச்சிட்டேங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. என் கையைத் தடவிக் கொடுத்தார். "நீ நல்ல மனுசி" என்றார். செய்யாத குற்றத்துக்கு என்னிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு, மறுநாள் விடிகாலையில் போய்ச் சேர்ந்தார்.