சேவியர் அண்ணைக்காக எழுதிய கடிதம்

போன கிழமை மகன் குசினி மேசையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய போன் ஒருதரம் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். பெருவிரலால் எதையோ தட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்தான். யார் என்று கேட்டேன்.

"கடன் அறவிடுற ஆக்களம்மா. முந்திப் போன ஜிம்முக்கு நான் காசு கட்ட வேணுமாம். அது எப்பவோ கான்சல் பண்ணினது. இப்ப இவங்களையும் ப்ளொக் பண்ணியாச்சு."

சொல்லிவிட்டு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தான். அவ்வளவுதான் அவனுக்கு. நானோ எழும்பிப் போய் முன்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். போனில் வருகிறவன் கதவாலா வரப்போகிறான் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி பிறகுதான் வந்தது.

எங்களிடம் வந்தவர்கள் கதவால்தான் வந்தார்கள். அப்போதும் நாங்கள் லண்டன் மோர்டனில் இதே வாடகை வீட்டில்தான் இருந்தோம். முன்கதவில் கடிதம் போடுகிற துவாரத்துக்குப் பித்தளை மூடி. அதன் ஸ்பிரிங் எலிப்பொறி மாதிரி. தபால்காரர் கையை எடுத்ததும் 'டப்' என்று அடிக்கும். அந்த அடியின் கனத்தை வைத்தே வந்தது பீட்சாக்கடை விளம்பரமா, ஜன்னல் வைத்த கடிதவுறையா என்று என்னால் சொல்ல முடியும் என்று என் கணவரிடம் பெருமையடிப்பேன். பாதிக்கு மேல் பிழைக்கும்.

இவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. அந்தச் சம்பளத்தில் முழு வாடகை கட்ட ஏலாதபடியால் மேல்மாடி முன்னறையை சேவியர் அண்ணைக்குக் கொடுத்திருந்தோம். மன்னார்ப் பக்கத்து ஆள். பன்னிரண்டு வருடம் ஜேர்மனியில் ஒரு உணவகத்துக் குசினியில் நின்று, அந்த நாட்டு பாஸ்போர்ட்டும் எடுத்துக்கொண்டு லண்டன் வந்தவர். மனைவியும் மகள் ஜெனியும் இன்னும் அங்கே டோர்ட்முண்டில். மகள் சின்னப் பள்ளிக்கூடம் முடித்ததும் இருவரையும் கூப்பிட்டு, இங்கே ஒரு வீடு எடுத்து, பிள்ளையை இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதுதான் அவருடைய ஒரே திட்டம். பாண் பேக்கரியில் பொதி கட்டுகிற வேலை. அவர் ஷிப்ட் முடிந்து வந்தால் படிக்கட்டு முழுக்கப் புதுப் பாண் மணக்கும். இப்போதும் சுப்பர்மார்க்கட்டில் பாண் அடுக்கும் பக்கம் போனால், பின்னால் அவர் வருகிறார் என்று ஒருகணம் விலகி நிற்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வருமுன் அவர் சவுத்தாலில் ஒரு வீட்டில் ஐந்து பெடியன்களுடன் இருந்தவர். அதிலே முறையான பாஸ்போர்ட் இருந்தது அண்ணையிடம் மட்டும்தான். அதனால் காஸ் பில் அவருடைய பெயரில். அப்படித்தான் அந்த நாளில் எங்கள் ஆட்கள் வீடு நடத்தினார்கள். பேப்பர் உள்ளவன் பெயரைக் கொடுப்பான், மற்றவர்கள் காசைக் கொடுப்பார்கள். குளிர் தொடங்கமுதல் அண்ணை எங்களிடம் மோர்டனுக்கு வந்துவிட்டார். வரும்போது, "டேய், காஸை ஆற்றையும் பேருக்கு மாத்துங்கோடா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். காஸ் கொம்பனிக்கு ஒரு வரி எழுதவில்லை. "பெடியளிட்டைச் சொல்லிப்போட்டுத்தானே வந்தனான்" என்பார். அந்தக் குளிர்காலம் முழுக்க பெடியன்கள் ஹீற்றரைப் போட்டுவிட்டு பெனியனோடு இருந்திருக்கிறார்கள். பிறகு பில்லைக் கட்டாமலே ஒருவன் கனடா, ஒருவன் பிரான்ஸ், மற்றவர்கள் எங்கேயோ.

ஐந்து வருடத்துக்கு மேலாகச் சத்தமில்லை. ஆறு முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறபோது 'டப்' என்று ஒரு கடிதம் விழுந்தது. காஸ் கொம்பனி இல்லை. அந்தக் கடனை விலைக்கு வாங்கிய வேறு ஒரு கொம்பனி. எண்ணூற்றுச் சொச்சம் பவுண்.

என் கணவர் உடனே வீட்டுச் சட்டம் போட்டார். "போன் வந்தால் ஆள் கனடா எண்டு சொல்லுங்கோ. பெல் அடிச்சால் மூச்சு விடக்கூடாது." ஒரு சனிக்கிழமை பெல் அடித்தது. திரைச்சீலை இடுக்கால் பார்த்தால் கழுத்தில் ரை கட்டிய ஒரு மெலிந்த மனிதர். ரிவியை நிற்பாட்டிவிட்டு நானும் இவரும் ஜன்னலுக்குக் கீழே நிலத்தில் குந்திக்கொண்டோம். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பருப்புக் குக்கர் விசில் அடித்தது. ஒன்று. இரண்டு. இவர் என்னைப் பார்த்த பார்வை! குக்கரைக் கண்டுபிடித்தவளே நான்தான் என்ற மாதிரி.

சேவியர் அண்ணை படியால் இறங்கி வந்தார்.

"என்ன, பாய் விரிக்காமல் நிலத்திலை இருக்கிறியள்?"

"ஸ்ஸ்! கடன்காரன் அண்ணை. வெளியிலை நிக்கிறான்."

"நிக்கிறான்தான், மழையிலை நனைஞ்சு நிக்கிறான். கதவைத் திறக்காமல் இதென்ன பழக்கம்?"

திறந்தார். அந்த மனிதர் பெயரைச் சொல்லிக் கேட்டார். "யெஸ். மீ" என்றார் அண்ணை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. வந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். அண்ணை கையைக் காலை ஆட்டி, "விண்டர், நோ மீ" என்று விளக்கியதைக் கேட்டுவிட்டு, கடன் உங்களுடையது இல்லையென்றால் எழுத்தில் அனுப்புங்கள் என்று ஒரு கார்ட் கொடுத்துவிட்டுப் போனார்.

எழுத்து என்றால் எங்கள் வீட்டில் நான்தான். ஊரில் ஓ லெவல் சோதனையோடு பள்ளிக்கூடம் முடிந்தாலும் இங்கிலிஷுக்குக் கிரெடிட் எடுத்தவள். வாயைத் திறந்து இங்கிலிஷ் கதைக்க வெட்கம். கடையில் பையொன்று கேட்கவே மூன்றுதரம் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஆனால் பேனையைத் தந்தால் எழுதுவேன். கவுன்சிலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பெனிபிட் ஒபிசுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கும்கூட.

கடிதவுறைப் பசையில் நாக்கைத் தடவும்போது வருகிற அந்த இனிப்பும் கசப்பும் எனக்கு எப்போதும் எங்கள் கொன்வென்ற் வகுப்பைத்தான் கொண்டுவரும். இங்கிலிஷ் படிப்பித்த சிஸ்டர் கடிதத்துக்கு ஒரு ஒழுங்கு சொல்லித் தந்திருந்தார். முதல் பந்தியில் பணிவு, இரண்டாவதில் விஷயம், மூன்றாவதில் முன்கூட்டிய நன்றி. பணிவில்லாமல் விஷயத்துக்குப் போனால் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு கீறுவார். தலையிடியென்று அரைநாள் லீவு கேட்டாலும் முதலில் தலையிடி வந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அப்படித்தான் எழுதினேன். நீலக்கோடு போட்ட கடிதத் தாளில், மேசைக்கு மறுபக்கம் அண்ணை கைகட்டி இருந்து பார்த்துக்கொண்டிருக்க. 'மதிப்புக்குரிய ஐயா, என் கடன் இவ்வளவு காலமும் செலுத்தப்படாமல் இருப்பதையிட்டு நான் மிகவும் வருந்துகிறேன். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்குத் தாழ்மையுடன் மன்னிப்புக் கேட்கிறேன்.' அதன் பிறகுதான் இரண்டாம் பந்தி: அந்தக் குளிர்காலத்தில் நான் அந்த வீட்டில் இருக்கவில்லை.

தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"மன்னிப்பு ஏன் தங்கச்சி? நான் பிழை ஒண்டும் விடேல்லையே?"

"அது மரியாதைக்கு அண்ணை. அப்பிடித்தான் எழுத வேணும்."

"ஓமோம், உங்களுக்குத் தெரியும்தானே" என்று கையெழுத்து வைத்தார். தமிழில், முழுப்பெயரும், மெதுவாக. போட்டோ கொப்பி எடுத்துவிட்டு ரெக்கோட்டட் டெலிவரியில், பதிவுத் தபாலாக, அனுப்பினோம். திரும்பி வரும்போது எனக்கு ஒரு பை கோழி ரோல்ஸ் வாங்கித் தந்தார்.

மறுமொழி மிக நல்ல இங்கிலிஷில் வந்தது. கடனை ஏற்றுக்கொண்டதற்கு நன்றியாம். அடுத்த மாதம் கோர்ட் பேப்பர் வந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு, செவ்வாய்க்கிழமைகளில் ஒரு சேர்ச் ஹோலில் இலவசமாக ஆலோசனை சொல்கிறவர்களிடம் போனோம். மொழிபெயர்க்க நான். எங்களுக்குக் கிடைத்தவர் கம்பளிச் சட்டை போட்ட ஒரு வயதான வெள்ளைக்காரர். கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். என் கடிதத்தின் கொப்பி வந்ததும் கை நின்றது. முதல் வரியில் பென்சிலை வைத்தார்.

இந்த நாட்டில் இப்படியான கடனுக்கு ஆறு வருடக் கணக்கு இருக்கிறது என்றார். ஆறு வருடம் காசு கட்டாமலும், கடனை எழுத்தில் ஒத்துக்கொள்ளாமலும் இருந்தால் பிறகு கோர்ட்டில் வெல்வது அவர்களுக்குக் கஷ்டம். அண்ணைக்கு இன்னும் மூன்று மாதம்தான் மிச்சம் இருந்திருக்கிறது. இந்த வரியோடு அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கிவிட்டது. அந்த வீட்டில் இருக்கவில்லை என்பதற்கு ஏதாவது ரசீதுத் துண்டு இருந்தால் இன்னும் வாதாடலாம். சவுத்தால் வீட்டுக்காரன் வாடகையைக் கையில் வாங்கினவன். துண்டுக்கு எங்கே போவது?

"யார் இதை எழுதினது?" என்று அவர் இங்கிலிஷில் கேட்டார். கோபமாக இல்லை, பாவம் என்ற மாதிரி.

"ஒரு பிரெண்ட்" என்றேன்.

அண்ணை என் முகத்தைப் பார்த்தார். "என்னவாம் தங்கச்சி?"

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. அந்த மனிதரும் நான் மொழிபெயர்க்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"துண்டு ஒண்டும் இல்லாட்டில் கட்டத்தான் வேணுமாம் அண்ணை. கொஞ்சம் கொஞ்சமாக் கட்டலாமாம்."

"அப்ப சரி. உவ்வளவு பாடுபட்டீங்கள், என்ன செய்யிறது" என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

கோர்ட் தீர்ப்பு அவருடைய பெயரில் பதிந்தது. அந்தக் கோடைக்கு அவர் எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தார். பின்வளவில் ஒரு அப்பிள் மரம். அதன் படத்தை ஜெனிக்கு அனுப்பி, எந்த அறை வேண்டும் என்றுகூடக் கேட்டிருந்தார். வீட்டு ஏஜென்ட் கொம்பியூட்டரில் பெயரைத் தட்டித் தீர்ப்பைப் பார்த்துவிட்டு, ஆறு மாத வாடகையை முன்னுக்குக் கட்டினால்தான் தரலாம் என்றான். அவ்வளவு காசு அண்ணையிடம் இல்லை. அந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். ஜெனி டோர்ட்முண்டிலேயே பெரிய பள்ளிக்கூடம் தொடங்கினாள். அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்கள். அடுத்த வருடம் பிள்ளை தன் சிநேகிதிகளை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டாள்.

அண்ணை மாதாமாதம் கட்டினார். அதற்கும் என்னைத்தான் கடிதம் எழுதச் சொல்வார். அப்போது பணிவு இல்லாமல் இரண்டே வரியில் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன். "இதென்ன, கட்டையாக் கிடக்கு?" என்று சிரிப்பார். எல்லாம் கட்டி முடித்து ஜேர்மனிக்குத் திரும்பிப் போன அன்று வாசலில் நின்று, "உங்கடை கை இல்லாட்டில் நான் உவங்களோடை என்ன பாடுபட்டிருப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அந்தப் பித்தளை மூடி இல்லை. வீட்டுக்காரர் பிளாஸ்டிக் கதவு போட்டுவிட்டார், கடிதம் விழுகிற சத்தமே கேட்காது. சேர்ச் ஹோலில் செவ்வாய்க்கிழமைகளில் யாரும் இல்லை. நீலக்கோட்டுக் கடிதத் தாள் வாங்கிய கடையில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். யாரும் என்னிடம் கடிதம் எழுதித் தரச் சொல்லி வருவதில்லை. அது ஒருவிதத்தில் நல்லதுதான்.

அண்ணை போன மாரியில் டோர்ட்முண்டில் இறந்துபோனார். ஒரு மாதம் கழித்து ஜெனி போன் எடுத்தாள். வளர்ந்த பெண் இப்போது. தமிழை யோசித்து யோசித்துக் கதைப்பாள். அப்பாவின் செபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்த ஒரு இங்கிலிஷ் கடிதக் கொப்பி கிடந்ததாம்.

"அன்ரி, அப்பா அந்த வீட்டிலை இருக்கேல்லை எண்டுதான் எப்பவும் சொல்லுறவர். இதிலை ஏன் 'என் கடன்' எண்டு கிடக்கு? ஆர் எழுதினது?"

"நான்தான் பிள்ளை" என்றேன். பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமையை, நான் தமிழில் சொல்லாமல் விட்டதை, முழுதாகச் சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"நான் சொல்லேல்லை."

கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதைக் கேட்கவும் வெட்கம்.

"இதை நான் வைச்சிருக்கட்டோ அன்ரி?" என்றாள். "கீழை அப்பான்ரை கையெழுத்துக் கிடக்கு."