ஏத்தேர் எங்கே இருக்கிறது?

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்கள் என்ற டச்சுக்காரர்களின் பாதிரிக்கு வேதத்தைத் தமிழாக்க உதவுவது அப்போது என் பிழைப்பு. அந்த வெயில் காலத்தில் அவருக்கு ஏத்தேர் என்ற ஊரின் மேல் பித்துப் பிடித்தது. வேதத்தில் யோசுவா என்ற தலைவர் நாட்டைச் சீட்டுப் போட்டு இஸ்ரவேல் கோத்திரங்களுக்குப் பங்கிட்டபோது வரும் எத்தனையோ ஊர்களில் அதுவும் ஒன்று. அதைத் தான் வரையும் வேத நாட்டுப் படத்தில் எங்கே குறிப்பது என்று தெரியாமல் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. என்னையும் சாப்பிட விடவில்லை.

அப்படி ஒரு நாள் எங்கள் மீனவக் குப்பத்திலும் சீட்டு. ஏரியில் எந்த வீடு எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை நாங்கள் வருஷா வருஷம் அப்படித்தான் பிரிப்போம். அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். பானைக்குள் கைவிட்டு ஓலையை எடுக்க வீட்டு ஆண் ஒருவன் நேரில் நிற்க வேண்டும். நிற்காத வீட்டுக்கு அந்த வருஷம் பாடு கிடையாது. நைனா காய்ச்சலில் கிடந்தார். வேறு ஆண் நான் ஒருவன்தான். சீக்கிரம் போக வேண்டும் என்று பாதிரியிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன், தலையாட்டினார்.

மதியம் கிளம்ப எழுந்தபோது, "உட்கார்" என்றார். இன்னொரு பட்டியலிலும் ஏத்தேர் அகப்பட்டுவிட்டது. யூதா கோத்திரத்தின் பங்கிலும் இருக்கிறது, சிமியோன் கோத்திரத்தின் பங்கிலும் இருக்கிறது. ஓர் ஊரா, இரண்டு ஊரா?

எனக்கு அதில் குழப்பமே தெரியவில்லை.

"ஒரே ஊருதான் ஐயரே. இந்த வருசம் யூதாவுக்கு, அடுத்த வருசம் சிமியோனுக்கு. எங்க பாடு மாதிரி மொற மாறுது" என்றேன்.

"அது நிலம். ஒருமுறை விழுந்த சீட்டு என்றைக்கும் நிற்கும்" என்றார் அவர்.

சீட்டு என்றைக்கும் நிற்கும் என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். கோபம்கூட வரவில்லை, அசதிதான் வந்தது. இன்னும் ஒரு வசனம், இன்னும் ஒரு வசனம் என்று அவர் புரட்டிக்கொண்டே போனார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கரை காலியாக இருந்தது. ஊர்ப் பெரியவர் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டில் நைனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். யாரோ முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

"இன்னா வேலைன்னு அப்டி ஒக்காந்துட்ட?"

"ஒரு ஊரு எங்க கீதுன்னு தேடினு இருந்தோம் நைனா. ரெண்டு பேரு பங்குலயும் அது பேரு வருது."

"கெடைச்சுதா?"

"இல்ல. எங்க கீதுன்னு ஒருத்தருக்கும் தெரியல."

நைனா சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"காணாமப் போன ஊருக்கு ரெண்டு பங்குல எடம் கீது" என்றார். "நாம இங்கியேதான் கீறோம்."