எங்கள் ஊர்த் தடாகத்தில் அன்னம் நீந்திய கதை

ஐந்தாம் வகுப்பில் 'எங்கள் ஊர்' என்று ஒரு கட்டுரை. வாத்தியார் எழுதிப் போட்டதை அத்தனை பேரும் உருப்போட்டோம். "எங்கள் ஊரின் நடுவே தாமரைத் தடாகம் ஒன்று உளது. அதில் அன்னங்கள் நீந்தும்" என்று போகும் அது. மல்லசமுத்திரத்துக்கு அந்தண்டை மேட்டுக்காடு எங்கள் ஊர். சோளமும் கடலைக்காயும் விளையும். காக்கைகூடத் தண்ணீர் குடிக்கப் பக்கத்து ஊருக்குத்தான் போகும். ஆனாலும் அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. தமிழ்ப் பாடம் என்றாலே நோன்பி நாளில் உடுத்துகிற சேலை போல, அன்றாடத்துக்கு ஆகாது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி. ஆறாவதுக்குத் திருச்செங்கோடு போக வேண்டும். அங்கே என் தாய்மாமன் இருந்தார். பள்ளிக்கூடத்தைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அந்தக் கட்டுரையை ஒப்பிக்க வாத்தியார் என்னைத்தான் பொறுக்கியிருந்தார். "இன்ஸ்பெக்டரு முன்னால நல்லாச் சொல்லிப்போடு சாமி, எங்கூட்டுலயே தங்கிப் படிக்கலாம்" என்றிருந்தார். நாலு பேரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஜன்மம் நான். அந்த ஆறாவது ஆசைதான் என்னை எழுப்பி நிறுத்தியது.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று அப்பாவும் மாமனும் வாசற்படியில் நின்றார்கள். தட்டுத் தடுமாறாமல் ஒப்பித்தேன். இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குளிர்ந்துபோய், "பேஷ்! அந்தத் தடாகத்தைப் பார்த்துட்டே போறேன். எந்தப் பக்கம்?" என்றார்.

வாத்தியாருக்கு வேர்த்தது. "வெயிலுக்கு வத்திப்போச்சுங்க."

"அன்னம்?"

"அதும் போயிருச்சுங்க."

மாமன்தான் முதலில் சிரித்தார். இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "போகட்டும். உங்க ஊரை நீயே சொல்லும்மா. தண்ணிக்கு என்ன பண்றேள்?"

"கெணத்துல கவலை எறைப்போமுங்க. ரெண்டு மாடு சரிவுல எறங்குனா தோல்பையில தண்ணி மேல வருமுங்க."

"பாட்டெல்லாம் பாடுவாளாமே?"

"மத்தவங்க பாடுவாங்க. எங்கப்பனுக்குப் பாட்டு வராதுங்க. மாட்டத் திட்டுவாருங்க."

"எப்படித் திட்டுவார்?"

அதைக் கேட்டிருக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. கூச்சம் எங்கே போனதோ, அப்பாவின் குரலிலேயே ஆரம்பித்தேன்.

"எடத்து மாட்டுக்குப் பேரு மச்சானுங்க. 'ஏண்டா மச்சான், திங்கறதுக்கு மொத ஆளா வார, இழுக்கச் சொன்னா இடுப்புப் புடிச்சுக்குதா? உன்ற மொகரைக்குப் பருத்திக்கொட்டை ஒரு கேடா? தங்கச்சியக் குடுத்துப்போட்டு வருசம் பூரா இங்கயே ஒக்காந்து திங்கறயே!'"

பள்ளிக்கூடமே உருண்டது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் வாசலைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமன் தலைத்துண்டை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அப்பாவை அழைத்தார். "இந்தக் குழந்தையை மேலே படிக்க வையுங்கோ. நல்ல சொல்வன்மை."

அப்பா மாமனைப் பார்த்தார்.

"படிக்கட்டுமுங்க, நல்லாப் படிக்கட்டும்," என்றார் மாமன். "ஆனா எங்கூட்டுல எடமில்லீங்க. மாடு கட்டற எடத்துல வேணும்னா ஒரு மொளை காலியா இருக்குது."

மாமன் சாப்பிடாமலே ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவர் சாப்பிடாமல் போனது அன்று ஒரு நாள்தான்.

வீட்டுக்குப் போகும்போது அப்பா ரொம்ப தூரம் முன்னாலேயே நடந்தார். பிறகு, "தாமரையோட நிறுத்தியிருக்கலாமில்ல கழுதை?" என்றார்.

"அவரு கேட்டாருங்கப்பா."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம்.

"கொரலு அச்சா என்ற மாதிரியே இருந்துச்சு," என்றார்.

தமிழில் நான் வாங்கிய பெரிய மார்க்கு அதுதான். ஆறாவது சேர அது போதவில்லை.