அருவி தூக்கிவிட்ட கை

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பாவூர்சத்திரம் ஸ்டேஷனில் செங்கோட்டை ரயிலுக்காக நின்றோம்: நான், அக்கா செண்பகம், அவள் புருஷன். பர்மாவில் பட்டாள லாரி கவிழ்ந்ததில் அத்தானுக்கு வலது தோள் நொறுங்கிப்போயிற்று. கை நெஞ்சுக்கு மேல் எழாது. தலை சீவிவிடுவதுகூட அக்காதான்.

வண்டி நிறைய குற்றாலக் கூட்டம். எங்களுக்கோ தென்காசியில் வேலை. மறுநாள் அங்கே முசாபர் பங்களாவுக்கு, அதுதான் சர்க்கார் விடுதிக்கு, பட்டாள டாக்டர் வருகிறார். யுத்தத்தில் பட்ட அடி இன்னும் குணமாகவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தால், பெங்களூர் பட்டாள ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், சாப்பாடு, ரயில் சார்ஜ் எல்லாம் சர்க்கார் செலவு. எழுதாவிட்டால் ஒன்றும் கிடையாது. எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். இங்கிலீஷில் இருந்த அந்த விதியைத் திரும்பத் திரும்பப் படித்து வீட்டாருக்கு அர்த்தம் சொல்லியிருந்தேன். எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்களில் பலருக்கு இப்படி ஒரு சலுகை இருப்பதே தெரியாது.

தென்காசியில் இறங்கியதும் அக்கா, "டாக்டர் தொட்டுப் பாக்குத ஒடம்பு, அழுக்கோடயா போறது? குத்தாலத்துல குளிச்சிட்டுப் போவோம்" என்றாள். மூன்றரை மைல், குதிரை வண்டிக்கு எட்டணா. சங்கதியைக் கேட்ட வண்டிக்காரர், "நம்ம குதிரையும் பட்டாளத்துல கழிச்சு விட்டதுதான், அண்ணாச்சி. அதுக்கும் வைத்தியம் உண்டான்னு ஒரு வார்த்தை கேளுங்க!" என்றார். அத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

சாரல் முகத்தில் பூப்போல விழுந்தது. பெரிய அருவிக்கரையில் அத்தானின் தோளில் நல்லெண்ணெய் தேய்த்தேன். கோணலாகக் கூடிய எலும்பு என் கட்டைவிரலில் தட்டியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு போய் அந்தத் தோளை அருவிக்குக் கொடுத்து வெகுநேரம் நின்றார். குற்றாலத்திலேயே ஒரு சத்திரத்தில் தங்கி, திங்கள் விடியலிலும் அதேபோல் ஒரு குளியல்.

பத்து மணிக்கு டாக்டர் முன் நின்றோம். "கையைத் தூக்கும், பார்ப்போம்."

பட்டாளத்துப் பழக்கம், உத்தரவு என்றதும் அத்தான் விறைத்து நின்று கையைத் தூக்கினார். கை போய்க்கொண்டே இருந்தது. காதைத் தாண்டிற்று. அவரே அண்ணாந்து அதைப் பார்த்தார்.

"ஏலே தம்பி, பாத்தியாலே! கை வந்துட்டுல்லா!" என்று அக்கா கத்திவிட்டாள். "கத்தாதக்கா, ஆபரேஷன் போயிரும்" என்று அவள் காதோடு சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்கே தங்கியிருக்கிறீர்கள்?"

"குத்தாலத்துல, ஐயா."

"எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றீரா?"

"நேத்தும் நின்னேன், இன்னைக்கும் நின்னேன், ஐயா."

அவர் சிரித்துவிட்டார். "இது அருவி செய்த வேலை, ஓய். உள்ளே எலும்பு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கண்ணால் பார்த்ததைத்தானே நான் எழுத முடியும்? இன்றைக்குத் தண்ணீர்ப் பக்கம் போகாமல் நாளைக்கு வாரும்."

சீசன் நேரத்துக் குற்றாலத்தில் அன்று குளிக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் மூவராகத்தான் இருக்கும். எண்ணெய்க் கிண்ணத்தோடு ஊரே எங்களைக் கடந்து போயிற்று. "இவ்வளவு நாளும் தூக்கணும் தூக்கணும்னு கும்பிட்டேன். இப்ப தூக்கப்படாதுன்னு கும்பிடுதேன். சாமி என்னைப் பத்தி என்ன நெனைக்கும்?" என்றாள் அக்கா. அத்தான் அதற்குள் நாலு தரம், ஆசையாக, தன் தலைமுடியைத் தானே தொட்டுப் பார்த்துவிட்டார். சாயங்காலம் விரல் நெற்றிவரைதான் எட்டியது.

செவ்வாய்க்கிழமை, டாக்டர் முன்னால், கை நெஞ்சோடு நின்றுவிட்டது. அத்தான் முகம் வியர்க்க முயன்றார், நடிப்பில்லை. டாக்டர் அவர் கையைத் தாங்கி மெல்ல இறக்கிவிட்டு எழுதத் தொடங்கினார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்புகிற ரயிலில் மலை பின்னால் நகர, அக்கா மடியிலிருந்து சீப்பை எடுத்தாள். "இங்கன திரும்புங்க."

அத்தான் தலையைக் குனிந்து கொடுத்தார். "பெங்களூர்ல யாரு சீவி விடுவா?"

"இனிமே நீங்களே சீவிக்கணும்னுதானே அனுப்புதேன்" என்றாள் அக்கா. பாவூர்சத்திரம் வரும்வரை சீவிக்கொண்டே இருந்தாள்.